கை நுழையும் இடைவெளி

விஜயபாண்டி பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவர். லே, சிலிகுரி, தவாங் என்று எந்த ஊர்ப் பேச்சு வந்தாலும் அந்த ஊரின் ஏதோ ஒரு வளைவில் அவர் லாரியைத் திருப்பிய கதை ஒன்று இருக்கும். ராஜபாளையத்தில் அவருடைய தெருக்காரர்களுக்கு அந்தக் கதைகள் மனப்பாடம். டீ குடிக்க நடுவில் நிறுத்தினால், கேட்டுக்கொண்டிருப்பவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்று வந்த பிறகு ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப். அவருக்கு ஊருக்குக் கிழக்கே, ஆலங்குளம் போகிற வழியில் பூர்வீகக் கரிசல் காடு இருந்தது. வானத்தை நம்பி விதைக்கிற நிலத்தை அந்தப் பக்கம் காடு என்பார்கள். மரங்களைத் தேடினால் இரண்டு வேம்பு கிடைக்கும். அங்கே போர்வெல் போட்டு, இரண்டு அறையில் ஒரு வீடும் கட்டியிருந்தார். இத்தனை காலம் அவர் வடக்கே, மனைவி கனகலட்சுமி இங்கே என்று ஓடிவிட்டது. இனி இருவருமாக அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்று அவர் சொல்லவில்லை. 'பிளான்' என்று சொன்னார்.

கனகலட்சுமிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. தெருமுனையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஆபீஸ். கணவர் இல்லாத வருஷங்களில் பிள்ளைகளையும் பஸ்ஸையும் கவுண்டரையும் தனியாகச் சமாளித்து, எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டு வந்தவள். அந்த ஒழுங்குக்குள் இப்போது ஒரு கரிசல் காட்டை நுழைக்கச் சொன்னால் யோசிக்கத்தானே செய்வாள்.

"காட்டுல குடியிருக்க எனக்கு ஒண்ணும் கசக்கல," என்றாள். "ஆனா ஐப்பசி மழைல அந்த வண்டிப்பாதை எப்படி இருக்கும்னு நான் பாத்திருக்கேன். ஒருக்கா செருப்பை விட்டுட்டு வந்தேன். இன்னும் அங்கனதான் கெடக்கு."

"அதுக்குத்தான ஜீப்பு."

"சரி. மழை பெஞ்ச மறுநா, காட்டுல இருந்து கெளப்பி, ஒம்பது மணிக்குள்ள என்னையக் கவுண்டர்ல ஒக்கார வச்சிருங்க. அன்னைக்குச் சாயந்தரமே பெட்டியக் கட்டிருதேன்."

"முடியலேன்னா?"

"முடியலேன்னா ஜீப்ப வாசல்ல நிப்பாட்டி வத்தல் காயப் போடுவோம். பானெட்டு நல்லா அகலமா இருக்கு."

விஜயபாண்டி சிரிக்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் அவர் உடனே தயாரிப்பில் இறங்கிவிடுவார். ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். எஞ்சின் சரி. கியர் சரி. கண்ணை உறுத்தியது டயர்தான். அந்தக் கால ஜீப்புக்கு வருகிற ஒல்லியான, உயரமான டயர், இரும்பு ரிம். முன்பக்கத்து ஒன்றில் வீட்டு வாசல்படியில் உரசிப் பிறை மாதிரி ஒரு வெட்டு வேறு. இவ்வளவு பெரிய வண்டி இவ்வளவு மெலிந்த காலில் நிற்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டார். அங்கே மதுரை ரோட்டில் டயர்க் கடை வைத்திருந்த காசிராஜன், கனகலட்சுமியின் தம்பி. அக்காவின் புருஷனைக் கிண்டல் செய்வது மச்சினனின் பிறப்புரிமை என்பதால், ஜீப் கடை வாசலில் நின்றதுமே ஆரம்பித்துவிட்டான்.

"வாங்க மச்சான். கலெக்டர் வாராகன்னு நெனச்சு எந்திரிச்சிட்டேன்."

"ஒக்காரு மாப்ள. இந்த டயரப் பாரு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எம்புட்டு சந்து! கோழி உள்ள போயி அடை காக்கலாம்."

காசிராஜன் குனிந்து பார்த்தான். டயரின் மேற்பகுதிக்கும் அதைக் குடைபோல மூடியிருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ளங்கை தாராளமாகப் போய்வர இடம் இருந்தது.

"எங்க ஓட்டப் போறீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

"எல்லா எடத்துலயும்."

"எல்லா எடத்துக்கும்னு டயர் கெடையாது மச்சான். ரோட்டுக்கு ஒண்ணு இருக்கு. ரோடும் மண்ணும் பாதிப் பாதின்னா அதுக்கு ஒண்ணு. வெறும் சேறுன்னா, இந்தா பாருங்க, கட்டை கட்டையா வெட்டுப் போட்டது, இது ஒண்ணு. செருப்புக் கடைல போயி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் களை எடுக்கவும் ஒரே செருப்பக் குடுன்னா குடுப்பானா?"

"ஏன் குடுக்க மாட்டான்? பட்டாளத்துல அம்புட்டுக்கும் ஒரே பூட்ஸ்தான்."

விஜயபாண்டி போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். எந்த நாடோ தெரியவில்லை. தாடி வைத்த ஒருவன் குட்டையைப் போன்ற சேற்றுக்குள் ஜீப்பை விட்டு, நாலு பக்கமும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வெளியே வந்தான். வண்டியின் டயர்கள் திருகைக் கல் மாதிரி அகலமாக இருந்தன.

"இது மாதிரி இருக்கா?"

இருந்தது. கிருஷ்ணன்கோவிலில் படிக்கிற ஒரு காலேஜ் பையன் ஆசைப்பட்டு ஆர்டர் கொடுத்து, அவன் அப்பா வந்து கேன்சல் செய்துவிட்டுப் போன செட் ஒன்று கடைக்குள் மூன்று மாதமாகத் தூசி குடித்துக்கொண்டிருந்தது. அகலமான சேற்று டயர் நான்கு, கறுப்பு அலாய் வீல் நான்கு. காசிராஜன் துணியால் ஒரு துடை துடைத்து வெளியே உருட்டினான். அதன் பிறகு, எங்கே ஓட்டப் போகிறார் என்ற கேள்வியை அவன் கேட்கவில்லை.

மாட்டி இறக்கியபோது ஜீப் நிமிர்ந்து நின்றது. சக்கரங்கள் பாடிக்கு வெளியே புடைத்துக்கொண்டிருந்தன. கோழி அடை காக்கும் சந்து அடைபட்டு, இரண்டு விரல் நுழைகிற இடம்தான் மிச்சம்.

"ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா மட்டும் உள்ள லேசா உரசும் மச்சான். முழுசா ஒடிக்காதீங்க."

"முழுசா ஒடிக்காம எப்படிடா திருப்பறது?"

"ஊர் பெரிய ஊருதான மச்சான். சுத்திட்டு வாங்க."

பழைய டயர் நான்கையும் ரிம்மோடு ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தவர், காட்டுப் பக்கம் போனபோது பக்கத்துக் காட்டு சோலைச்சாமிக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். சோலைச்சாமியின் டிராக்டருக்கு முன் டயர் அதே அளவுதான். தேய்ந்து வழுக்கையாகிப்போன டயரில் ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு அது பெரிய உபகாரம்.

"நீரு ஒல்லி டயரே போட்டுக்கிடும்," என்றார் விஜயபாண்டி பெருந்தன்மையோடு. "நமக்கு இது காணாது."

"நல்லா இருங்க மிலிட்டரி," என்று சோலைச்சாமி வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் ஜீப்பைப் பார்த்த கனகலட்சுமி, கையிலிருந்த துவைத்த துணியோடு கொஞ்ச நேரம் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"சின்னப் பையன் அப்பன் பூட்ஸ மாட்டிட்டு நிக்க மாதிரி இருக்கு."

"ஏறிப் பாரு."

ஏற முடியவில்லை. வண்டி முன்னைவிட உயரம். சேலை கட்டிய கால் படி வரை எட்டவில்லை. விஜயபாண்டி உள்ளே போய்ப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டு வந்து போட்டார்.

"ஏற ஸ்டூலு. ஆபீஸ் வாசல்ல எறங்க?"

"நான் வந்து புடிச்சுக்கிடுதேன்."

"ஆமா, ஸ்பீட் போஸ்ட் வரிசை பூராவும் நின்னு பாக்கட்டும்," என்றாள். ஆனால் ஏறி உட்கார்ந்து, தெருமுனை வரை போய்வந்தாள்.

அடுத்த வேலை, சோதனை ஓட்டம். பட்டாளத்துக்காரர் சோதிக்காமல் எதையும் நம்பமாட்டார். அவர் செய்த பிழை, சோதித்த இடத்தில் இருந்தது. ராஜபாளையத்துக்காரர் யாரிடம் போய், 'ஜீப்பை எங்கே ஓட்டிப் பார்க்கலாம்' என்று கேட்டாலும் கை தானாக மேற்கே நீளும். அய்யனார் கோவில் பக்கம் மலை இருக்கிறது, ஓடை இருக்கிறது, போட்டோ எடுத்தால் நன்றாக விழும். கிழக்கே திரும்பிக் கரிசலைக் காட்டுகிறவன் ஒருவனும் இல்லை. விஜயபாண்டியும் மேற்கேதான் போனார். கோவில் முன்னால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். நான்கும் பட்டென்று தெறித்தன. தோப்புகளுக்கு நடுவே சரளைப் பாதையில் ஏற்றினார். உருண்டைக் கற்கள் கிடந்த மேட்டில் ஏற்றினார். புதிய டயர் கல்லைப் பிடித்து ஏறியது. அதைக் குறை சொல்ல முடியாது. கூட வந்த நண்பர் எடுத்த வீடியோவை மனைவிக்கு அனுப்பினார். கவுண்டரில் கூட்டம் போலிருக்கிறது. ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்கே மேகம் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு விஜயபாண்டி மனைவியிடம் வந்து நின்றார். கனகலட்சுமி தயாராகவே இருந்தாள். ஆபீஸ் சேலை ஒன்று, டிபன் பாக்ஸ், குடை, மாற்றுச் செருப்பு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். மாற்றுச் செருப்பைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார் அவர். மாலையில் மழை பிடித்தது. கரிசல் ஆசையாகக் குடித்தது. காட்டு வீட்டின் வராந்தாவில் நாற்காலி போட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தேர்வு எழுதப் போகிற பையனைப் போலவும், அவள் வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டவளைப் போலவும்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. காடு கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசியதுபோல மின்னியது. தார் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் வண்டிப்பாதை. விஜயபாண்டி குளித்து நீறு பூசி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். ஜீப் நகர்ந்தது. கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பழம் நசுங்கல."

"அப்புறம்?"

"முழுசா உள்ள போயிருச்சு. விதைச்ச மாதிரி."

அவர் காதில் வாங்கவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது. ஐம்பது அடி, நூறு அடி. பெருமையோடு மீசையை ஒரு முறை தடவிக்கொண்டார். அப்போதுதான் கரிசல் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. மற்ற மண் சேறானால் வழுக்கும், கரிசல் ஒட்டும். அகல டயர் அகலமாகவே சேற்றை அள்ளியது, அள்ளியதை விடவில்லை. கட்டை கட்டையான வெட்டுகளுக்குள் சேறு புகுந்து நிரம்பி, டயர் உருண்டு திரண்ட கொழுக்கட்டையாக ஆனது. அது மேலே போய் மட்கார்டில் இடித்தது. அங்கே இரண்டு விரல் இடத்தில் எவ்வளவு சேறு கொள்ளும்? இறுகிப் பூசிக்கொண்டது. சற்று நேரத்தில் முன் சக்கரங்கள் சுற்றுவதையே நிறுத்திவிட்டன. எஞ்சின் உறுமியது, ஜீப் சறுக்குப் பலகையைப் போல ஓரமாக வழுக்கிப் போய் நின்றது.

விஜயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கடப்பாரையை எடுத்து ஒவ்வொரு சக்கரமாகக் குத்திச் சேற்றை வழித்தார். ஏறி எடுத்தார். பத்தடி போயிற்று. மறுபடி இறங்கி வழித்தார். எட்டடி.

"லேலயும் இப்படித்தான் பண்ணுவீங்களா?" மேலே இருந்து குரல் வந்தது.

"லேல பனி. பனி ஒட்டாது."

"அப்ப மழைக்காலத்துக்கு மட்டும் லேக்குப் போயிருவோமா?"

அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். கோபம் வர வேண்டிய இடம். முகத்திலும் மீசையிலும் சேறு. மேலே மனைவி, ஆபீஸ் சேலையில் ஒரு பொட்டுச் சேறு படாமல், மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தூரத்தில் ஒரு மயில் பதறிப் பறந்தது.

அந்த நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. சோலைச்சாமி வந்துகொண்டிருந்தார். ஜீப்பின் பக்கத்தில் நிறுத்தி, நிலைமையை நிதானமாகப் பார்வையிட்டார்.

"என்ன மிலிட்டரி, சக்கரத்துக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க?"

"வாரும்யா. வந்தாச்சுல்ல, நாலு வார்த்தை கூடவே பேசிட்டுப் போம்."

"சங்கிலி இருக்கு. கட்டி இழுக்கட்டா? மெல்ல மெல்ல இழுத்தம்னா ஒரு மணி நேரத்துல ரோட்டப் புடிச்சிரலாம்."

விஜயபாண்டி வாட்சைப் பார்த்தார். ஒரு மணி நேரம் என்றால் ஜீப் ரோட்டுக்குப் போய்விடும். கனகலட்சுமியின் ஆபீஸ் போய்விடும். ஜீப்போடு அவளை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போனால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும், 'வண்டி வந்துதான சேந்துச்சு' என்று வாதாடலாம். கடப்பாரையில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்து உதறினார்.

"ஜீப்பு கெடக்கட்டும். இவள ரோட்டுல விட்டுட்டு வாரும். மினி பஸ் வார நேரம்."

கனகலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டூல் இல்லாததால் அவரே இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, டிராக்டரின் பக்கவாட்டுச் சீட்டில் ஏற்றிவிட்டார். அவள் குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு உற்சவர் மாதிரி நேராக உட்கார்ந்துகொண்டாள். டிராக்டர் கிளம்பியது. அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்ற விஜயபாண்டியின் கண் முன் சக்கரத்தில் விழுந்தது. ஒல்லி டயர். பக்கவாட்டில் பிறை மாதிரி ஒரு வெட்டு.

அந்த டயரும் சேற்றை எடுத்தது. எடுத்த சேற்றைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. மேலே இடிக்க எதுவும் இல்லை. கட்டி கட்டியாகப் பிய்ந்து விழுந்தது. அது சேற்றை அகலமாக மிதிக்கவும் இல்லை. கத்தி மாதிரி கீறிக்கொண்டு அடியில் இறுகிய மண்ணைத் தொட்டு ஓடியது. டிராக்டர் ஒரு புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டே நின்றவர், பிறகு திரும்பி, தன் ஜீப்பின் மட்கார்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சேறு காய ஆரம்பித்திருந்தது.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் போன் வந்தது.

"கவுண்டர்ல ஒக்காந்துட்டேன்."

"முன்னால ஓடுனது எந்த டயருன்னு பாத்தியா?"

"பாத்தேன். நம்ம வாசப்படில நீங்க உரசுனதுதான?"

"அப்ப என் டயருதான ஒன்னையக் கொண்டு வந்து விட்டிருக்கு?"

அந்தப் பக்கம் அடக்கிய சிரிப்பு மட்டும் மூச்சாகக் கேட்டது. "ஆள் நிக்குது. சாயந்தரம் விசாரிப்போம்," என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் சோலைச்சாமி ஜீப்பைச் சங்கிலி கட்டி ரோட்டுக்கு இழுத்துவிட, சாயந்தரம் ஊர் வீட்டில் விசாரணை நடந்தது. விஜயபாண்டி தன் கட்சியை ஒழுங்காக எடுத்து வைத்தார். மழை பெய்தது, மறுநாள் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தாள், போன சக்கரம் அவர் காசு போட்டு வாங்கியது. கனகலட்சுமி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"டயரு ஒங்களுது. வண்டி சோலைச்சாமி அண்ணனுது. மினி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தது நான். இதுல யாரு செயிச்சதுன்னு சொல்ல?"

"நீயே சொல்லு."

"வாய்தா. அடுத்த மழைக்குப் பாப்போம்." ஆய்ந்த கீரையைத் தட்டில் போட்டாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "காட்டுல விடிகாலைல நல்லாத்தான் இருந்துச்சு. ஒங்களுக்குக் கோவம் வரும்னு நெனச்சேன். வரல."

அந்தப் பேச்சை அவர் நாலு நாள் மனசுக்குள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் சோலைச்சாமியிடம் போய், சுற்றி வளைத்துப் பேசி, பழைய டயரைப் பற்றிக் கேட்டார். சோலைச்சாமி ஆச்சரியப்பட்டார்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறது பட்டாளத்துல வழக்கமா மிலிட்டரி? டிராக்டருக்கு அது பழகிப்போச்சே. மிச்ச ரெண்டையும் அடுத்த வருசத்துக்குன்னு மச்சுல ஏத்தி வச்சிட்டேன்."

வேறு வழியில்லை. சனிக்கிழமை ஆபீஸ் முடிகிற நேரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மனைவியையும் ஏற்றிக்கொண்டு காசிராஜன் கடை முன்னால் நிறுத்தினார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

காசிராஜன் குரலைத் தாழ்த்தவில்லை. "அந்தச் சைஸா? அது டிராக்டர்க்காரங்கல்ல மச்சான் கேப்பாங்க!"

"அப்ப டிராக்டர்க்காரனுக்கே போடு. இரும்பு ரிம்மு, ஒல்லி டயரு, நாலு."

"பட்டாளத்துல ஒரே பூட்ஸ்தான்னீங்க?"

"அந்தப் பூட்ஸ் கரிசல் மிதிச்சதில்ல மாப்ள. போதுமா? இந்த அகலத்த நீயே எடுத்துக்கோ."

"எடுத்துக்கிடுதேன். கிருஷ்ணன்கோவில்ல இன்னொரு பையன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

"அவன் அப்பாவுக்குத் தெரியுமா?" என்று ஜீப்பிலிருந்தபடியே கனகலட்சுமி கேட்டாள்.

வேலை முடிந்து ஜாக்கியை இறக்கியபோது, ஜீப் மறுபடியும் பழைய ஒல்லிக்காலில் நின்றது. விஜயபாண்டி அதை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். கனகலட்சுமி ஸ்டூல் இல்லாமல் தானாகவே இறங்கி வந்தாள். முன் சக்கரத்தின் பக்கம் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே வலது கையை விட்டாள். கை உள்ளே போயிற்று. வளையல்கள் எதிலும் படாமல் திரும்பி வந்தது. அடுத்த சக்கரத்துக்குப் போனாள். நான்கிலும் விட்டுப் பார்த்தாள். கடையில் இருந்தவர்கள், இது ஏதோ தபால் துறைச் சோதனை போலிருக்கிறது என்று மரியாதையாக வழிவிட்டார்கள்.

"என்னக்கா, பாஸா?" என்றான் காசிராஜன்.

அவள் கையைத் தட்டிக்கொண்டு கணவரிடம் வந்தாள்.

"ரெண்டு பெட்டி இருக்குல்ல. ஒண்ண மட்டும் நாளைக்குக் கட்டுதேன். இன்னொண்ணு அடுத்த மழைக்குப் பொறவு."

பட்டாளத்தில் இதற்குக் கதை எதுவும் இல்லை. விஜயபாண்டி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, போனை எடுத்தாள்.

"கெளப்புங்க. போற வழியில அந்தச் சோலைச்சாமி அண்ணன் நம்பரச் சொல்லுங்க. எதுக்கும் எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."